பழைய தார் ஜீப்புக்குப் பின்பக்கக் கொக்கி: வெல்டிங் போதுமா?

தேரிக்காட்டான்:
வணக்கம். ஊர் உடன்குடிப் பக்கம். மாமாவின் முந்திரித் தோட்டத்துக்குப் போகிற வழி முழுக்கச் செம்மணல் தேரி. கோடையில் சக்கரம் பாதி புதைந்துவிடும். கையில் இருப்பது 2016 மஹிந்திரா தார் ஜீப், செகண்ட் ஹேண்ட். முந்தைய ஓனர் 12 எம்எம் தகட்டில் கொக்கி வெட்டிப் பின் பம்பரில் வெல்டு அடித்திருக்கிறார். பக்கத்திலேயே டிரெய்லர் இழுக்கும் பால் (இரும்புக் குண்டு) ஒன்றும் உண்டு. சிக்கினால் தோட்டத்து டிராக்டரில் சங்கிலி போட்டு இழுப்பார்கள். எதில் மாட்டச் சொல்வது? வெல்டு அடித்தவர் பத்து டன் தாங்கும் என்றாராம்.

மலைப்பாதை:
பால் இருக்கும்போது என்ன யோசனை? அது சேசிஸோடு போல்ட் போட்டதுதானே. வண்டி இழுக்கும் பெல்ட்டை அதில் சுற்றி இழுங்க.

பட்டறைக்காரர்:
தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்யாதீங்க. பாலின் மேல் 3,500 கிலோ என்று அடித்திருந்தாலும் அது உருண்டு வரும் டிரெய்லரின் எடை. மணலில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது வரும் விசை வேறு. பாலின் கழுத்து அறுந்தால் அந்த இரும்புக் குண்டு இழுக்கிற வண்டியை நோக்கித்தான் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி ஆள் செத்தே இருக்கிறார்கள். நம்மூர் டிராக்டரில் தடுக்கப் பின் கண்ணாடியும் கிடையாது, டிரைவரின் முதுகுதான் இருக்கும்.

அந்தப் பத்து டன் கதைக்கு வருவோம். நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் வேலையில் இருக்கிறேன். பத்து டன் என்று யார் சொன்னாலும் முதலில் கேட்பது: எந்தத் திசையில், எதில் பிடித்து? தகடு தாங்கலாம். ஆனால் அது நிற்பது பம்பரில், பம்பர் நிற்பது இரண்டு மெல்லிய பிராக்கெட்டில். கொக்கி பிழைத்துப் பம்பரோடு கழன்று வந்தால் என்ன லாபம்?

கொக்கி சேசிஸில்தான் உட்கார வேண்டும், அதுவும் போல்ட்டில். சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவோ குறுக்கே வெல்டு அடிக்கவோ விடாதீர்கள். வளையும்போது அதிகம் இழுபடுவது விளிம்புதான், விரிசல் அங்கே தொடங்கும். பக்கச் சுவரில் கம்பெனி விட்ட துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமையைக் காட்டும் எழுத்து இருக்க வேண்டும். 12 எம்எம் 8.8 போல்ட் நேராக இழுத்தால் ஏறக்குறைய 6.8 டன்னில் அறும். குறுக்கே வெட்டுப்பட்டால் நாலு டன்தான். அதனால் ஒன்றில் தொங்கவிடாமல் மூன்று நாலு போட வேண்டும். எழுத்தே இல்லாத போல்ட் ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும், அது கேட்டுக்குக் கொண்டி போட உதவும்.

பெல்ட்டைக் கொக்கியோடு இணைக்கும் டி ஷேக்கிள் வளையமும் அப்படித்தான். 4.75 டன் என்று அதன் உடம்பிலேயே பதித்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

தேரிக்காட்டான்:
நன்றி அண்ணே. முன்பக்கம் சேசிஸ் முனையில் இரண்டு சின்ன வளையம் இருக்கிறது. அதில் மாட்டலாமா? அப்புறம் டிராக்டர் சங்கிலி?

பட்டறைக்காரர்:
தகட்டை வளைத்துச் செய்த மெல்லிய வளையமா? அப்படியென்றால் வண்டியை டிரக்கில் ஏற்றி அசையாமல் கட்டுவதற்கு வைத்தது, இழுக்க இல்லை. கனமான கொக்கியாகச் சேசிஸில் போல்ட் போட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரு பெல்ட் போட்டுப் பளுவைப் பகிரலாம். அந்தப் பெல்ட் நீளமாக இருக்கட்டும். குட்டையாகப் போட்டுப் பெல்ட்டின் இரண்டு பக்கமும் அகலமாக விரிந்தால், 120 டிகிரியில் ஒவ்வொரு கொக்கிக்கும் முழுப் பளுவும் வந்துவிடும், பகிர்ந்ததற்கு அர்த்தமே இல்லை.

சங்கிலி நீளாது. டிராக்டர்காரர் லூசாக விட்டு ஒரு ஜெர்க் கொடுப்பார் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. வேகம் இரட்டிப்பானால் இடியின் ஆற்றல் நாலு மடங்கு. முதல் கியரில் சங்கிலியை இறுக்கி, நின்று, அப்புறம் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். டிராக்டரில் கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேலே கலப்பையைப் பிடிக்கும் டாப் லிங்க்கில் மாட்டினால் முன் சக்கரம் தூக்கி டிராக்டரே மல்லாந்துவிடும். நடுச் சங்கிலியில் ஈரச் சாக்கு ரெண்டு போடுங்கள், அறுந்தால் வீச்சு கொஞ்சம் குறையும். வேடிக்கை பார்க்கிற பையன்களைத் தூர விரட்டுங்கள்.

மணல்சவாரி:
ஷார்ஜா பாலைவனத்தில் ஓட்டுகிறேன். இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் டயர் காற்றை 15, 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால் வாரிவிடுங்கள். பெரும்பாலும் கொக்கியே தேவைப்படாது. தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்ற மறக்காதீர்கள்.

தேரிக்காட்டான்:
ஞாயிற்றுக்கிழமை பம்பரைக் கழற்றிப் பார்க்கிறேன். படம் போடுகிறேன் அண்ணே.

பட்டறைக்காரர்:
போல்ட் தலையை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு எழுத்து தெரிகிற மாதிரி எடுங்கள். சேசிஸ் பக்கச் சுவரின் அகலத்தையும் டேப்பில் அளந்து போடுங்கள், தகடு எந்த அளவுக்கு வெட்டலாம் என்று சொல்கிறேன்.