“நேற்று என்ன சாப்பிட்டீங்கள்?” – மன அழுத்தமும் சாப்பாடும், நம் அனுபவங்கள்

உப்புவெளி அக்கா:
என் கணவருக்கு முறைவேலை. வேலை நெருக்கடியோடு வீட்டுக் கடனும் சேர்ந்து, மாதக்கணக்காக நல்ல நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்று கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. அப்புறம் சத்துணவு பார்க்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அவர் கவலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அண்ணா, நேற்று விடியத் தொடங்கி இரவு வரைக்கும் வாயில் போட்டதை எல்லாம் நேரத்தோடு சொல்லுங்கோ” என்றார்.

இவர் சொல்லச் சொல்ல எனக்கே புதினமாக இருந்தது. விடிய வெறும் வயிற்றில் தேத்தண்ணி. பத்து மணிக்கு இன்னொன்று, கூடவே மாலுபாண். வேலை முட்டினால் மத்தியானச் சாப்பாடு இல்லை, அதற்கும் தேத்தண்ணிதான். பின்னேரம் ரோல்ஸ். இரவு பத்துக்கு மேல் ஒரு கோப்பை நிறையச் சோறு.

மிஸ் விளக்கியது இதுதான். பதற்றம் வந்தால் உடம்பு கோர்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கும், ஈரல் சீனியை இரத்தத்துக்குள் விடும். ஓடித் தப்ப வேண்டிய ஆளுக்கு அது உதவும். கடனை நினைத்துக்கொண்டு கட்டிலில் புரள்கிறவருக்கு அந்தச் சீனியால் என்ன பயன்? இது நெடுநாள் நீடித்தால் நாக்கு இனிப்பையும் பொரித்ததையும்தான் தேடும். நேரத்துக்குச் சாப்பிடாமல் இரத்தத்தில் சீனி இறங்கினாலும் இதே மாதிரி ஹார்மோன்கள் சுரக்கும், அதனாலும் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். தேத்தண்ணியில் கப்புக்கு ஏறக்குறைய 40, 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. குடித்து ஐந்து மணித்தியாலம் போனாலும் அதில் பாதி உடம்பிலேயே நிற்கும். கப்புக்கு இரண்டு கரண்டி சீனி போட்டால், ஒரு நாளுக்கு 25 கிராமுக்குக் கீழே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு மூன்று கப்பிலேயே வந்துவிடும்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. முதலில் சாப்பாடு, பிறகு தேத்தண்ணி, நித்திரைக்குப் போக ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தவேண்டும். அவ்வளவுதான். இப்போது காலையில் குரக்கன் பிட்டோ அவித்த கடலையோ வயிற்றுக்குள் போன பிறகுதான் கேத்தல் அடுப்பில் ஏறும். சூடை மீன் மலிவாக இருக்கும்போது அடிக்கடி வாங்குகிறோம். மாரியில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் விலை ஏறிவிடும், அப்போது டின்மீன். படபடப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, நித்திரையும் பரவாயில்லை. கடன் அப்படியேதான் இருக்கிறது.

கிண்ணியாத் தம்பி:
அக்கா, எனக்கு ஒருவர் “ஸ்ட்ரெஸ் போக்கும் பவுடர்” விற்கப் பார்த்தார். விலையைக் கேட்டதும்தான் உண்மையான ஸ்ட்ரெஸ் வந்தது. எங்கள் ஊர்த் தயிரைப் பற்றியும் ஒரு கதை ஓடுகிறது: மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற இரசாயனத்தில் 90 வீதம் குடலில்தான் உருவாகிறதாம், தயிர் சாப்பிட்டால் மனம் குளிருமாம். முதல் பாதி சரி. ஆனால் குடலில் உருவாகும் செரோட்டோனின் மூளைக்குள் நேரே போகாது. நான் தயிர் சாப்பிடுவது ருசிக்காக. எருமைத் தயிருக்குக் கித்துள் பாணி ஊற்றினால் வேறு காரணம் வேண்டுமா?

மூதூர் ரீச்சர்:
எனக்கும் களைப்பும் படபடப்பும்தான். பரீட்சைக் கால அழுத்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். இரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்துக் குறைவு. டொக்டர் குளிசை தந்தார், கூடவே சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தை மாற்றச் சொன்னார். கீரை, பருப்பில் இருக்கும் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலை தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது போகவேண்டும். முருங்கை இலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். பெண்கள் “டென்ஷன்” என்று விட்டுவிடாமல் ஒருதரம் இரத்தம் சோதித்துப் பாருங்கோ.

நிலாவெளி அண்ணா:
சாப்பாட்டால் எல்லாம் சரிவரும் என்று யாரும் நினைக்கவேண்டாம். என் தம்பி சாப்பாட்டையே வெறுத்து, ஆட்களோடு கதைப்பதையும் விட்டுவிட்டான். அவனுக்குக் குரக்கனும் கீரையும் என்ன செய்யும்? மனநல டொக்டரிடம் போன பிறகுதான் மாற்றம் தெரிந்தது. 1926 என்பது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், எடுத்துக் கதைக்கலாம்.

கிண்ணியாத் தம்பி:
அக்கா, இரவு வேலைக்கு என்ன கட்டிக் கொடுக்கிறீங்கள்?

உப்புவெளி அக்கா:
இரண்டு அவித்த முட்டை, கச்சான், ஒரு வாழைப்பழம். தேத்தண்ணிப் போத்தலை அவர் தானே நிரப்பிக்கொண்டு போவார் தம்பி. முந்திப் பெரிய போத்தல், இப்போது சின்னது.