கெனன் 80டி-யில இருந்து ஆர்7: பழைய லென்ஸுகளை விக்கவேணுமோ?

கேள்வி: 80டி கமராவிலிருந்து மிரர்லெஸ் ஆர்7 கமராவுக்கு மாறப்போறன். 18-135, 55-250 மி.மீ. லென்ஸுகள் ரெண்டும் இருக்கு. இரணைமடு, சுண்டிக்குளப் பறவைகள்தான் எடுக்கிறது.

பதில் 1: அவசரப்பட்டு விக்காதேங்கோ தம்பி. பழைய ஈஎஃப் வகை லென்ஸை ஆர்7-இன்ர ஆர்எஃப் மவுண்டில (லென்ஸ் பூட்டுற வாய்) பூட்டுற ஈஎஃப்-ஆர்எஃப் அடாப்டர் போதும். அதுக்குள்ள லென்ஸ் கண்ணாடி ஒண்டும் இல்லை. மவுண்டிலிருந்து படம் பதியிற சென்சருக்கான தூரம் ஈஎஃப்-இல 44 மி.மீ., ஆர்எஃப்-இல 20. அந்த 24 மி.மீ.யைத்தான் நிரப்புது. படத்தரம் குறையாது, ஓட்டோபோகஸும் வேலை செய்யும். பிறகு பெரிய சென்சருள்ள ஃபுல்ஃப்ரேம் கமராவுக்குப் போனால், சின்னச் சென்சருக்கெண்டு செய்த இந்த ஈஎஃப்-எஸ் லென்ஸுகள் படத்தின்ர நடுப்பகுதியை மட்டுந்தான் தரும்.

பதில் 2: பறவைக்கு 250 காணாது. ஆர்எஃப் 100-400 பாருங்கோ, 635 கிராம்தான், ஆர்7-இன்ர சின்னச் சென்சரின்ர 1.6 மடங்கால ஃபுல்ஃப்ரேமில 640 மி.மீ. மாதிரித் தெரியும். ஆனால் 400-இல எஃப்/8, வெளிச்சம் குறைவாத்தான் உள்ள வரும். பறக்கிறதுக்கு ஷட்டர் வேகம் 1/2000 செக்கன் வைச்சால் விடியக்காலையில ஐஎஸ்ஓ (சென்சரின்ர வெளிச்ச உணர்திறன்) நல்லா ஏறும்.

பதில் 3: சோளகக் காத்துக்க குளக்கட்டில நிண்டு லென்ஸ் மாத்தாதேங்கோ. ஆர்7-இல 80டி மாதிரி சென்சருக்கு முன்னால மிரர் இல்லாததால புழுதி நேர சென்சரில படியும்.