ஓட்டத்தை விடாம எடை ஏத்த முடியுமா?

கேள்வி: பெங்களூரு, பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) சாப்பாடு, 68 கிலோ. வாரம் 4 நாள் கப்பன் பார்க்ல 5 கி.மீ. ஓட்டம், 4 நாள் ஜிம். எடை நகரவே மாட்டேங்குது. ஓட்டத்தை நிறுத்திடவா?

பதில் 1: வேண்டாம் ப்ரோ, கணக்கு போடுங்க. ஒரு கி.மீ. ஓடினா உடல் எடையில கிலோவுக்கு சுமார் 1 கலோரி செலவு. உங்களுக்கு ஒரு ஓட்டம் 340. அதை ஈடுகட்டி, மேல தினம் 250–300 சேருங்க. பி.ஜி. சாப்பாட்டுல சோறு தாராளம், புரதம்தான் இடிக்கும் (சாம்பாரை நம்பாதீங்க). தினம் 110 கிராம் புரதம் வேணும்: 4 முட்டை 24, உலர்ந்த சோயா 50 கிராம்ல 26, பன்னீர் 100 கிராம்ல 18. மீதிக்கு கோழி, பால், தயிர்.

பதில் 2: நேரமும் முக்கியம். முந்தின நாள் வேகமா ஓடிட்டு வந்தா ஸ்குவாட் (உட்கார்ந்து எழற கால் பயிற்சி) படுத்துடும். ஒரே நாள்னா முதல்ல வெயிட், 6 மணி நேரம் கழிச்சு ஓட்டம், பேசிக்கிட்டே ஓடற வேகத்துல. ஒரு தசைக்கு வாரம் 10–12 கடினமான செட் (நிறுத்தாம செய்யற ஒரு சுற்று) போதும்.

கேட்டவர்: சரியா போகுதான்னு எப்படித் தெரியும்?

பதில் 1: காலையில வெறும் வயித்துல எடை, 7 நாள் சராசரி. வாரம் 150–300 கிராம் ஏறணும். 2 வாரம் அசையலன்னா 150 கலோரி கூட்டுங்க, செட்டைக் கூட்டாதீங்க.