புதுப்பிப்பு: 1983 டாப்ஸ் பேஸ்பால் பாக்கெட்டுகள், இரண்டு அசல், ஒன்று மறுபடி ஒட்டியது

டாப்ஸ் நிறுவனம் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளையும் சூயிங்கத்தையும் மெழுகுத்தாளில் சுற்றி விற்ற பாக்கெட்டுகள் இவை. ஒரே ஆளிடம் வாங்கிய, பிரிக்காத 3 பாக்கெட்டுகள் அசல்தானா, யாராவது பிரித்து மறுபடி ஒட்டியவையா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

எடை போட்டுப் பார்க்கச் சொன்ன யோசனை எனக்குக் கைகொடுக்கவில்லை. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்பட்டன. உள்ளே சூயிங்கம் காய்ந்து நொறுங்கியிருக்கும்போது எடையை எப்படி நம்புவது?

கைகொடுத்தது பின்பக்க மடிப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னதுதான். இரண்டில் மெழுகு உருகிய தடம் ஒன்றே ஒன்று. மூன்றாவதில் பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம், பளபளவென்று. சோதித்துச் சான்று தரும் நிறுவனத்துக்கு மூன்றையும் அனுப்பினேன். அவர்களும் அதையேதான் நிராகரித்தார்கள்.

அதைப் பிரித்தபோதுதான் எதிர்பாராத விஷயம் தெரிந்தது. அட்டைகள் 15 சரியாக இருந்தன, கம்மும் இருந்தது. ஆனால் கம்மை ஒட்டியிருந்த அட்டை சுத்தமாக இருக்க, கம்மின் செவ்வகக் கறை நடுவிலிருந்த ஒரு அட்டையில்! உறையைத் தொடும் ஓர அட்டையில் பட்டிருக்க வேண்டிய மெழுகுக் கறையும் நடுவிலிருந்த அட்டையில்தான். யாரோ பிரித்து, கலைத்து அடுக்கியிருக்கிறார்கள். டோனி க்வின், வேட் பாக்ஸ், ரைன் சாண்ட்பெர்க் என்ற மூன்று பிரபல வீரர்களின் அறிமுக அட்டைகளும் (சேகரிப்பவர்கள் தேடும், ஒரு வீரரின் முதல் அட்டை) அந்த வருடத் தொகுப்பில்தான் வந்தன. இதில் ஒன்றுகூட இல்லை.

விற்றவர் அந்த ஒன்றுக்கான பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். மற்ற இரண்டையும் பிரிக்கப்போவதில்லை.