ட்யூப் ஆம்ப்ல உறுமல் நிக்க மாட்டேங்கு, கெப்பாசிட்டர் வேல்யூ சொல்லுங்க அண்ணாச்சிமாரே

பாளையங்கோட்டையில இருந்து எழுதுதேன். தாத்தா காலத்து மோனோ ட்யூப் ஆம்ப் ஒண்ணு இருக்கு, அவுட்புட்ல ரெண்டு ஈஎல்84 ட்யூப் புஷ்புல்லா (ஜோடியா மாறி மாறி வேலை செய்யுத மாதிரி), முன்னால ஒரு ஈசிசி83 ட்யூப், ஏசியை டிசி ஆக்குத ரெக்டிஃபயர் ட்யூப் ஈஇசட்81. ட்யூப் சூடானதும் ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரே உறுமல், வால்யூமை ஜீரோல வச்சாலும் அப்படியேதான். போன ஆடிக் கொடை சமயத்துல லேசா ஆரம்பிச்சது, இப்ப பாட்டே கேக்க முடியல.

போன்ல ஆப் போட்டுப் பாத்தா 100 ஹெர்ட்ஸ் காட்டுது, அதனால ஹீட்டர் வயர் சங்கதியா இருக்காது, அதுன்னா 50ல வந்திருக்கும். ஈசிசி83ஐ உருவிட்டுப் பாத்தேன், அப்பவும் சத்தம் இருக்கு. ஈஎல்84 ரெண்டையும் புதுசு போட்டாச்சு. ரெக்டிஃபயருக்குப் பின்னால டிசியைச் சீராக்குத பழைய 32+32 மைக்ரோஃபாரட் டப்பா கெப்பாசிட்டர் உப்பியிருந்துச்சு, ஜங்ஷன் பக்கம் கடையில 22 மைக்ரோ 450 வோல்ட்தான் கிடைச்சது, ரெண்டு வாங்கிப் போட்டதுல உறுமல் பாதியாச்சு, முழுசா போகல. சோக் (உறுமலை வடிகட்டுத கம்பிச்சுருள்) கிடையாது, ரெண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவுல 1 கே ரெசிஸ்டர், அதுக்கு முன்னால 310 வோல்ட், பின்னால 295. ராத்திரி எங்க தெருவுல கரண்ட் 250க்கு ஏறும், அதனால 450 வோல்ட்டுக்குக் கீழ வாங்க மாட்டேன்.

ஈஇசட்81க்கு முதல் கெப்பாசிட்டர் 50 மைக்ரோவைத் தாண்டக்கூடாதுன்னு டேட்டாஷீட்ல இருக்கு. ஒருத்தர் 220 போடச் சொல்லுதார், போறது அவர் ட்யூபா என்ன!

முதல்ல 47, ரெசிஸ்டருக்குப் பின்னால 100 போட்டா ரெக்டிஃபயருக்குப் பங்கம் வராம உறுமல் அடங்குமா, இல்ல சோக்தான் வழியா?