தர்மாண்ட்: தெருவே இல்லாத ரயில் ஊர் (அனுபவப் பகிர்வு)

மலைப்பாதை:
அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நியூ ரிவர் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது தர்மாண்ட். க்ளென் ஜீன் என்ற ஊரிலிருந்து 25-ம் எண் கிளைச்சாலையில் சுமார் 11 கிலோமீட்டர். சாலை ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கும், பல இடங்களில் எதிரே கார் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். வீடு மாதிரியான பெரிய வேன்களைக் கொண்டுபோகாதீர்கள், திருப்ப இடம் கிடையாது. கடைசியில் ஆற்றுப்பாலம். ரயில் பாலத்தின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒற்றை வழி அது, எதிர்க்கரையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஊருக்குள் பெட்ரோலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது.

கூட்ஸ் வண்டி:
முதல்முறை பார்ப்பவர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்று: கடைத்தெரு எங்கே? வரிசையாக நிற்கும் செங்கல் கட்டடங்கள்தான் அது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைத் தண்டவாளம். வாசலில் இறங்கினால் குறுகிய நடைபாதை, அதைத் தாண்டினால் ரயில். கரி கூட்ஸ் கடக்கும்போது கதவுச் சட்டத்தில் கையை வைத்தால் அதிர்வு தெரியும். முதல் சாலை வந்ததே 1921-ல்தான். அதுவரை மாவு மூட்டை, மருந்து, சவப்பெட்டி எல்லாமே ரயிலில் வந்து இறங்கியவை. தெரு யாருக்கு வேண்டியிருந்தது?

ஊரின் பெயர் டபிள்யூ.டி. தர்மாண்ட் என்ற கேப்டனுடையது. செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாக முழுமையடைந்த 1873-ல், நிலம் அளந்த வேலைக்குக் கூலியாக 73 ஏக்கர் அவருக்குக் கிடைத்தது. தன் நிலத்தில் மதுவை அவர் அனுமதிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்கெல் குடும்பத்தின் நிலம், அங்கே தடை இல்லை. 1901-ல் திறந்த 100 அறை டன் க்ளென் ஹோட்டல் அங்கேதான் இருந்தது. அங்கே ஒரு சீட்டாட்டம் 14 வருஷம் நிற்காமல் ஓடியதாகச் சொல்வார்கள். உட்கார்ந்து எண்ணியவர் யாரென்றுதான் தெரியவில்லை.

பயர்மேன் பிரியர்:
ஊர் ஏன் இங்கே முளைத்தது என்பதற்குப் பதில் நீராவி எஞ்சின்தான். சுற்றியுள்ள சுரங்கங்களின் கிளைப்பாதைகள் இங்கே பிரதான பாதையில் சேரும். காலி வேகன்களைச் சுரங்கத்துக்கு அனுப்புவது, நிரம்பியவற்றை வாங்கிக் கோத்து நீண்ட கூட்ஸாக்குவது, இதுதான் யார்டின் அன்றாட வேலை. வண்டி சேர்வதற்குள் எஞ்சினைத் தயார் செய்ய வேண்டும்.

முதலில் சாம்பல் குழிமேல் நிறுத்தி நெருப்பைச் சுத்தம் செய்வார்கள். சாம்பல் உருகி இறுகிக் கட்டியாகி நெருப்புத் தட்டின் ஓட்டைகளை அடைத்துவிட்டால் காற்று ஏறாது, அழுத்தம் விழும், ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். பிறகு கரி. 1922-ல் கட்டிய கான்கிரீட் கரிக்கோபுரம் தண்டவாளத்தை ஒட்டி இன்றும் நிற்கிறது, கொள்ளளவு 500 டன். இந்த மாதிரிக் கோபுரங்களில் கரியைத் தொட்டி மூலம் மேலே ஏற்றிச் சேர்த்து வைப்பார்கள். சரிவுக் குழாயை இறக்கித் திறந்தால் கரி தானே டெண்டரில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் பெட்டியில், கொட்டும்.

அடுத்து தண்ணீர். அழுக்கு சேர்ந்த தண்ணீர் பாய்லருக்குள் நுரைத்து, நீராவியோடு சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனுக்கே ஆபத்து. அதனால்தான் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரைக் கழுவுவார்கள். கடைசியில் மணல். சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவுவது. வறுத்த மணலாக இருக்க வேண்டும், ஈரம் பட்டால் குழாயிலேயே கட்டிப்போகும்.

ஒவ்வொரு படிக்கும் ஆள் வேண்டும், ஆளுக்கு அறை, சாப்பாடு, சவரக்கடை, பேங்க் வேண்டும். ஊர் அப்படி வளர்ந்தது.

மலைப்பாதை:
அப்போ சுரங்கத்தில் கரி தீர்ந்ததும் ஊரும் தீர்ந்தது, அவ்வளவுதானே?

பயர்மேன் பிரியர்:
இல்லை, கரி ரயில்கள் இன்றும் அந்தப் பாதையில் போகின்றன. நிற்பதில்லை, அதுதான் வித்தியாசம். 1930-ல் டன் க்ளென் எரிந்தது, அதோடு பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவு, 1931-ல் நேஷனல் பேங்க் மூடல், கார் போகும் சாலைகள் என்று அடி மேல் அடி. கடைசி அடி டீசல் எஞ்சின். அதற்குக் கரிக்கோபுரமும் வேண்டாம், சாம்பல் குழியும் வேண்டாம். 1950-களில் நீராவி போனதும் யார்டில் வேலை இல்லை. எஞ்சின் ஷெட் 1963-ல் எரிந்தது, மறுபடி கட்டத் தேவையே இருக்கவில்லை. 1930 கணக்கெடுப்பில் 462 பேர், 2020-ல் 5 பேர்.

கூட்ஸ் வண்டி:
ரயிலில் போக நினைப்பவர்களுக்கு: அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கார்டினல் ரயில், நியூயார்க் - சிகாகோ, வாரத்தில் 3 நாள். தர்மாண்டில் ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால்தான் நிற்கும். அங்கே டிக்கெட் கவுண்டர் இல்லை, முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். 1904-ல் கட்டிய இரண்டு மாடி மர ஸ்டேஷனைத் தேசியப் பூங்காத் துறை 1995-ல் புதுப்பித்தது. கோடைக்காலத்தில் மட்டும் தகவல் மையமாகத் திறந்திருக்கும். மாடியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஜன்னலைப் பாருங்கள், சிக்னல் ஆள் இரு பக்கமும் வண்டியைக் கண்காணித்த இடம். போட்டோவுக்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். வளைவுக்கு அப்பால் வரும் வண்டியின் சத்தம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே தெரியாது.