8 லட்சம் கனஅடிக்கு 206 மீட்டர், 3.59 லட்சத்துக்கு 208 மீட்டரா?

மயூர்விஹார்_மணி:
வீட்டிலிருந்து யமுனை நடந்து போகிற தூரம்தான். ஊரில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்த பழக்கம், இங்கே ஜூலை வந்தால், யமுனையில் மேலே ஹரியானாவில் உள்ள ஹத்னிகுண்ட் அணையில் எத்தனை கனஅடி என்று பார்க்கிறேன். ஆனால் ஒன்று புரியவே இல்லை. 2019 ஆகஸ்டில் அங்கே 8.28 லட்சம் கனஅடி வந்தது, டெல்லி பழைய ரயில் பாலத்தில் 206.60 மீட்டர். 2023 ஜூலையில் 3.59 லட்சம்தான், ஆனால் 208.66 மீட்டர், 1978-இன் 207.49-ஐயும் தாண்டிவிட்டது. இதில் எந்த எண் தப்பு?

பாலத்தடி:
இரண்டும் தப்பில்லை அண்ணா. மட்டம் என்பது அளவுகோலில் நேராக வாசிப்பது, கனஅடி என்பது கணக்குப் போட்டு எடுப்பது. மலை ஆறுகளில் இரண்டு பருவம் அளவெடுக்கப் போயிருக்கிறேன், அங்கே இந்தக் கணக்கு படுத்தும் பாடு சொல்லி மாளாது. சாதாரண நாளில் நீரோட்ட வேகம் அளக்கும் கரண்ட் மீட்டரைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு இறக்கி, ஆற்றைக் குறுக்கே பல பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமும் வேகமும் எடுப்போம். இப்படிப் பல நாள் எடுத்துத்தான் இந்த மட்டத்துக்கு இத்தனை கனஅடி என்று பட்டியல் போடுவது. வெள்ளத்தில் மரமும் பாறையும் உருண்டு வரும்போது மீட்டரை இறக்க முடியாது, மிதவை போட்டு நேரம் பார்த்து, மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்குவோம். வெள்ளம் வடிந்த பிறகு படுகையே மாறியிருக்கும், பட்டியலைத் திரும்பப் போட வேண்டும். இப்போது பாலத்தில் ரேடார் கருவி மாட்டுகிறார்கள், ஆனால் அதுவும் மட்டத்தைத்தான் சொல்லும், படுகை மாறியதைச் சொல்லாது.

அப்புறம், ஹத்னிகுண்ட் மேட்டூர் மாதிரி தேக்கும் அணை இல்லை, முக்கொம்பு மாதிரி கதவணை. டோன்ஸ், கிரி ஆறுகள் எல்லாம் சேர்ந்து மலையிலிருந்து வரும் வெள்ளத்தை அப்படியே அனுப்புகிறார்கள். ‘திறந்துவிட்டார்கள்’ என்று செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்.

கரோல்பாக்_கண்ணன்:
டெல்லிப் பக்கக் கதையும் உண்டு. ஹத்னிகுண்டில் சொல்வது உச்ச எண். அது எத்தனை மணி நேரம் நின்றது என்பதைப் பொறுத்துத்தான் இங்கே ஏறும், சட்டென்று வந்து போகிற உச்சம் வழியில் பரவித் தட்டையாகிவிடும். 2023-இல் ஜூலை 9 அன்று டெல்லியிலேயே ஒரே நாளில் 153 மி.மீ. மழை. படுகையில் வண்டல், கரையில் ஆக்கிரமிப்பு, போதாததற்கு டெல்லிக்குள் யமுனையில் இருக்கிற ஐடிஓ தடுப்பணையில் சில கதவுகள் திறக்கவே வரவில்லை.

மயூர்விஹார்_மணி:
சரி, அப்போது நான் எதைப் பார்த்து ஸ்கூட்டரை மேட்டுக்கு ஏற்றுவது?

பாலத்தடி:
ஹத்னிகுண்டில் லட்சம் தாண்டினால் உஷாராகுங்கள், தண்ணீர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதன் பிறகு மத்திய நீர் ஆணையத் தளத்தில் ரயில் பாலத்து மட்டம் மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். 204.50 எச்சரிக்கை, 205.33 அபாயம். 205-லேயே இன்னும் வேகமாக ஏறுகிறது என்றால் ஏற்றிவிடுங்கள்.